பழுதுபார்க்கச் செலவும் சிரமமும் மிகுந்த கார்கள்: எங்கள் அனுபவங்கள்

வேளச்சேரி, சென்னை

இந்த இழையைத் தொடங்கக் காரணம் என் மைத்துனரின் கார். ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் இரண்டு லிட்டர் டீசல் செடான் அது. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு அங்கிருந்த சொகுசுக் கார்கள் பல, தடையில்லாச் சான்றுடன் தெற்கே வந்து, ஒரு சாதாரணப் புதிய காரின் விலைக்கும் குறைவாகக் கைமாறின. மைத்துனரின் கார் அப்படி வந்ததுதான். உட்புறம் சிறிதும் கலையாமல் இருந்தது. நெடுஞ்சாலையில் அது ஓடும் அழகைப் பார்த்த எவரும் அதன் வயதைச் சொல்லமாட்டார்கள்.

சென்ற மழைக்காலத்தில், காலையில் எஞ்சினை இயக்கும்போது அதன் பின்பக்கத்திலிருந்து உலோகம் உரசுவது போன்ற ஒலி கேட்கத் தொடங்கியது. டைமிங் செயின், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகளை ஒத்திசைக்கும் சங்கிலி, தளர்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். பெரும்பாலான எஞ்சின்களில் இந்தச் செயின் முன்பக்கத்தில் இருக்கும். மூடியைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும். இந்த எஞ்சினில் அது பின்பக்கத்தில், கியர்பாக்ஸோடு எஞ்சின் இணையும் இடத்தில் அமைந்திருக்கிறது. ஆகவே செயினைப் பார்ப்பதற்கே எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும், அல்லது கியர்பாக்ஸை இறக்க வேண்டும். செயின், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள், அதை இறுக்கிவைக்கும் டென்ஷனர் ஆகிய அனைத்தையும் சேர்த்தாலும் அவற்றின் விலை, அங்கே போய்ச் சேர்வதற்கான கூலியைவிடக் குறைவுதான். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் கொடுத்த மதிப்பீடு, கார் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியிருந்தது. பழுதைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஓடும்போது செயின் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி எஞ்சினே வீணாகிவிடும்.

வடிவமைத்த பொறியாளர்களிடமும் ஒரு நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்முனையில் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது; அந்த முனையில் தண்டின் முறுக்கு அதிர்வு குறைவு என்பதால், செயினை அங்கே வைத்தால் எஞ்சின் சீராக ஓடும். ஆனால் அந்தச் சீரான ஓட்டத்தின் பயனை முதல் உரிமையாளர் பெற்றுக்கொள்கிறார். கழற்றும் செலவோ மூன்றாம் உரிமையாளரின் தலையில் விழுகிறது.

உங்கள் காரில் எந்தப் பழுது வந்தது, அதை எட்டுவதற்கு எவற்றையெல்லாம் கழற்ற வேண்டியிருந்தது என்பதை எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட அந்த விவரமே வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

கோயம்புத்தூர், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்

வேளச்சேரி நண்பருக்கு வணக்கம். எஞ்சின் வெளியே வந்திருக்கும் நேரத்தில் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், எஞ்சின் மவுண்டுகள், தண்ணீர் ஹோஸ்கள் ஆகியவற்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். இவற்றின் விலை சிறியது. பின்னர் ஒருநாள் இவற்றுக்காகவே மீண்டும் கழற்ற நேர்ந்தால் வரும் கூலி பெரியது. ‘எஞ்சினைத் திறக்கவே வேண்டாம், பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம்’ என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அந்த எஞ்சினின் செயினும் அதே வயதுடையது என்பதால் நான் அதற்கு உடன்படுவதில்லை.

நீங்கள் கேட்ட ‘எட்டும் சிரமம்’ குறித்து நான் கண்டவற்றில் மிகப் பெரியது லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வகை வண்டிகளில்தான் இருக்கிறது. அதன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியை) மாற்ற வேண்டுமென்றால், காரின் மேற்கூட்டையே அடிச்சட்டத்திலிருந்து பிரித்து மேலே தூக்கிவிட்டு வேலை செய்வதைப் பல ஒர்க்‌ஷாப்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன. கேட்பவர்களுக்கு அச்சமூட்டும் முறையாகத் தோன்றினாலும், பழகியவர்களுக்கு, அடியில் படுத்துக் கைநுழையாத இடுக்கில் போராடுவதைவிட அது விரைவான வழி. சிக்கல் என்னவென்றால், அதற்கு ஏற்ற லிஃப்டும் கூரை உயரமும் உள்ள ஒர்க்‌ஷாப்கள் நம் ஊர்களில் மிகக் குறைவு. ஆகவே வண்டியின் உரிமையாளர் வேறொரு நகரத்துக்கு அதை ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் செலவும் பழுதுக் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது தானியங்கி கியர்பாக்ஸ். இரண்டாம் கையாக வாங்கிய கார் ஒன்று, வேகம் மாறும்போதெல்லாம் குலுங்குகிறது என்று என்னிடம் வந்தது. அதன் கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனம் தயாரித்த எட்டு வேக வகை. ‘இந்த ஆயில் காரின் ஆயுள் முழுதும் போதும், மாற்றத் தேவையில்லை’ என்று அந்த உரிமையாளருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கார் விற்பவர் ‘ஆயுள்’ என்று சொல்லும்போது முதல் உரிமையாளரின் காலத்தை மனத்தில் வைத்தே சொல்கிறார் என்பது என் திடமான கருத்து. இந்த வேலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதன் ஆயில் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. ஃபில்டர் அதற்குள்ளேயே ஒட்டியிருப்பதால் தொட்டியை முழுவதுமாக மாற்ற வேண்டும். ஆயில் அளவைப் பார்க்கக் கோல் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது மட்டுமே சரியான அளவைக் காண முடியும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உலர் கிளட்ச் கொண்ட ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்களைப் (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி வகை) பற்றியும் சொல்ல வேண்டும். 2013-இல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் கோளாறுகளுக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆயிலில் நனையாத கிளட்ச், வெயிலிலும் நெரிசலிலும் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து செல்லும்போது பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்கிறது, சூடு ஏறுகிறது. இத்தகைய கார் வைத்திருப்பவர்கள், முன்னால் நிற்கும் வண்டி சற்று இடம்விட்ட பிறகு ஒரேயடியாக நகர்வது நல்லது. பிரேக்கை மட்டும் லேசாகத் தளர்த்தி ஊர்ந்துகொண்டே போவதுதான் கிளட்சைத் தின்கிறது.

கையால் கழற்றிப் பொருத்தும் சிரமத்தைக்கூட உழைப்பால் வென்றுவிடலாம்; மென்பொருள் வைக்கும் பூட்டை அப்படி வெல்ல முடிவதில்லை. சில கார்களில் புதிய பேட்டரி மாற்றினால்கூட, மாற்றிய செய்தியைக் கணினி வழியாகக் காருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே மின்னூட்டம் செய்துகொண்டிருக்கும். இதைவிடக் கடுமையானது, ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைக் குறிப்பிட்ட காரின் எண்ணோடு பிணைத்துவிடும் முறை. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் நல்ல நிலையில் கிடைத்த ஒரு கருவியை நியாயமான விலைக்கு வாங்கிவந்து பொருத்தினாலும், தயாரிப்பாளரின் சர்வரோடு இணைத்து அனுமதி பெறாத வரை அது வேலை செய்யாது. திருட்டைத் தடுக்க இந்த ஏற்பாடு என்கிறார்கள். அதை ஏற்கிறேன். ஆனால் முறையான ரசீதுடன் வருகிற உரிமையாளருக்கும் அந்தக் கதவு மூடியே இருப்பது நியாயமில்லை. மாருதி 800-ஐயும் அம்பாசடரையும் எந்தச் சிற்றூரிலும் ஒரு ஸ்பேனர் செட்டைக் கொண்டு ஓட்ட நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. அந்த இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது.

திருச்சி, பள்ளி ஆசிரியை

எங்களுடையது சொகுசுக் கார் அன்று. எளிய சிறிய கார்தான். ஆனால் அதைத் தயாரித்த நிறுவனம் இந்தியாவில் இப்போது கார் விற்பதில்லை. 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே செவ்ரோலே விற்பனையை முடித்துக்கொண்டதையும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து மறைமலைநகர் ஆலை மூடும் நிலைக்கு வந்ததையும் இங்குள்ள பலர் அறிவீர்கள். அப்படி விடைபெறும் நிறுவனங்கள் ‘உதிரிபாகங்கள் தொடர்ந்து கிடைக்கும்’ என்று உறுதி கூறுகின்றன. அது பெருமளவு உண்மைதான். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்றவை எனக்கு இன்றுவரை தடையின்றிக் கிடைக்கின்றன. எஞ்சின் பாகங்களுக்கும் கவலை இல்லை. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்தான் எங்கள் காரில் இருக்கிறது. அதே எஞ்சின் மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா உட்படப் பல கார்களில் ஓடியதால், அதை அறியாத மெக்கானிக்கே இல்லை எனலாம்.

சிரமம் வேறிடத்தில் வந்தது. பின்னால் வந்த சரக்கு ஆட்டோ இடித்ததில் பின்விளக்கும் அதைத் தாங்கும் பகுதியும் உடைந்தன. தேய்மானத்தால் மாற்றும் பாகங்களை வெளி நிறுவனங்களும் தயாரிக்கின்றன. விபத்தில் மட்டும் உடையும் பாகங்களை யாரும் தயாரித்து அடுக்கி வைப்பதில்லை. அந்த விளக்குக்காகப் பல மாதங்கள் காத்திருந்து, கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் வேறொரு நிறக் காரிலிருந்து கழற்றியதைத் தேடிப்பிடித்தோம். ஆகவே விடைபெற்ற நிறுவனத்தின் காரை வாங்க நினைப்பவர்கள் எஞ்சினைப் பற்றி விசாரிப்பதோடு நிறுத்தாமல், பின்விளக்கு, கதவுக் கண்ணாடி, பம்பர் ஆகியவை இப்போது யாரிடம் இருக்கின்றன என்றும் விசாரியுங்கள்.

யாழ்ப்பாணம்

இலங்கையில் நிலைமை வேறு. உங்களிடம் பழைய காரின் விலை விழுந்துவிடுவதால் திருத்தவேலைச் செலவு பெரிதாகத் தெரிகிறது. எங்களிடம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை விழவில்லை, ஏறிக்கொண்டே போனது. எனவே எவ்வளவு செலவானாலும் திருத்தியே ஆகவேண்டும் என்ற நிலைமையில்தான் எல்லோரும் இருந்தோம். டொலர் விலை ஏற ஏற உதிரிப்பாகத்தின் விலையும் கூடவே ஏறியது.

என்னுடையது ஜப்பானில் பாவித்து இங்கே வந்த சிறிய ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள கார். அதன் உயர் மின்னழுத்தப் பற்றரி, 20 தொகுதிகளைத் தொடராக இணைத்த 144 வோல்ட் நிக்கல் பற்றரி. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஒரு கராஜில் பலவீனமான தொகுதியை மட்டும் மாற்றித் தந்தார்கள். சில மாதங்களில் பக்கத்துத் தொகுதி பழுதானது. பழைய தொகுதிகளுக்கு நடுவில் புதிதாக ஒன்றை வைத்தால் எல்லாம் சமமாக மின்னேறி இறங்குவதில்லை என்பதை விளக்கி, எல்லாத் தொகுதிகளையும் அளந்து ஒத்தவற்றைச் சேர்த்து அமைத்துத் தந்தவர் கொக்குவிலில் உள்ள ஓர் இளம் தொழில்நுட்பவியலாளர். அவருடைய பொறுமைக்கு நான் என்றும் நன்றியுடையவன். பின் ஆசனத்துக்கு அருகே இருக்கும் காற்றுத் துளையையும், அதன் உள்ளே தூசியால் அடைபட்டிருந்த விசிறியையும் அவர்தான் காட்டினார். பற்றரி குளிர்வது அந்தத் துளை வழியாகத்தான்; அங்கே பையையோ துணியையோ வைத்து மறைக்காதீர்கள். உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சள் நிற வயர்கள் உள்ள இடத்தை வீட்டில் திறந்து பார்க்கவும் வேண்டாம். பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்போக்கும் அளவு மின்சாரம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.

சென்னை, காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர்

மேலே எழுதியவர்கள் ஒர்க்‌ஷாப் பக்கத்தைச் சொன்னார்கள். நான் காப்பீட்டுப் பக்கத்தைச் சேர்க்கிறேன். காரின் காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறைகிறது. உதிரிபாகத்தின் விலை குறைவதில்லை. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதுவது விதி. பழைய சொகுசுக் கார் ஒன்று மிதமாக மோதினாலே முன்விளக்கு, பம்பர், ரேடியேட்டர், ஏர்பேக் ஆகியவற்றின் விலை அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறது. இப்போதைய எல்இடி விளக்குகளில் பல்பு மட்டும் மாற்ற முடியாது, முழு விளக்கையும் மாற்ற வேண்டும். முன்கண்ணாடியில் கேமரா பொருத்திய கார்களில் கண்ணாடி மாற்றிய பின் கேமராவைச் சீரமைக்க வேண்டும். ஓடக்கூடிய, உறுதியான கார்களைக் கணக்கு மட்டுமே கொன்றுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிக்கப்படும். பம்பர் முதல் எஞ்சின் மூடி வரை பிளாஸ்டிக்கால் ஆன கார்களில் இந்தக் கழிவு எவ்வளவு பெரியது என்பதை உரிமையாளர்கள் பில் கையில் வரும்போதுதான் அறிகிறார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீட்டைப் பழைய கார்களுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை என்பதால், வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் பார்த்த கார்களில், தண்ணீரில் நின்றவற்றைவிட நின்றபின் இயக்கப்பட்டவையே அதிகம் அழிந்தன. காற்று உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் நுழைந்த தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்றது விபத்து. அதன் பிறகு இயக்கியதால் வந்த சேதம் தொடர்விளைவு என்று கருதப்படுவதால், எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு மறுக்கப்படுகிறது. சக்கரத்தின் பாதி மூழ்கியிருந்தாலே சாவியைத் தொடாதீர்கள். நீர்மட்டம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, பேட்டரி இணைப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, காரின் நான்கு சக்கரமும் தரையில் படாதபடி வேறொரு வண்டியின் மேல் ஏற்றி அனுப்புங்கள். தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தால், எஞ்சின் தப்பினாலும் கியர்பாக்ஸ் தப்பாமல் போகக்கூடும்.