கிரானில் என்டிபிடேட் ஓடியும் சர்வர் கடிகாரம் மணிக்கொரு முறை பின்னால் குதிக்கிறது

உப்புக்காத்து

உபுண்டு 20.04 சர்வர். கேவிஎம் விர்ச்சுவல் மெஷின், உள்ளே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நேரத்தைச் சரிசெய்ய கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் வசதி) மணிக்கொரு முறை என்டிபிடேட் (என்டிபி என்ற நேரச் சேவை சர்வரிடம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் கமாண்டு) போட்டிருக்கிறது. முதலில் "தி என்டிபி சாக்கெட் இஸ் இன் யூஸ், எக்ஸிட்டிங்" என்று சொல்லி நின்றுவிட்டது. மைனஸ் யூ சேர்த்ததும் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் லாகில் "ஸ்டெப் டைம் சர்வர்" என்று ஒரு வரி, ஆஃப்செட் -0.81 வினாடிக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் டேபிளில் அடுத்தடுத்து ஏறிய இரண்டு ரோக்களில் பிந்தியதற்கு முந்தைய நேரம் விழுகிறது. கிரானை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினால் தீருமா?

(கமாண்டுகளை வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறேன். பதில் சொல்பவர்களும் அப்படியே எழுதலாம்.)

நாழிகைவட்டில்

மறையும், தீராது.

என்டிபிடேட் வித்தியாசத்தை அளந்து பார்க்கும். அரை வினாடிக்கு மேல் இருந்தால் கடிகாரத்தை ஒரே அடியில் மாற்றிவிடும், அதுதான் ஸ்டெப். அரை வினாடிக்குள் என்றால் கர்னலிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும், அது ஸ்லூ. உங்களுக்கு மணிக்கு 0.81 விலகுவதால் ஸ்டெப் விழுகிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் விலகல் 0.07-க்குள் அடங்கிவிடும், ஸ்லூ நடக்கும், லாகில் "அட்ஜஸ்ட் டைம் சர்வர்" என்று வரும். பின்னால் குதிப்பது நிற்கும். ஆனால் கர்னல் அப்படி இழுக்கும் வேகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்), அதாவது வினாடிக்கு அரை மில்லி வினாடி. 0.07-ஐச் சரிசெய்யவே இரண்டேகால் நிமிடம் ஆகும். சரியான கையோடு மறுபடி விலகத் தொடங்கும். ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் கடிகாரம் அது. ஏன் விலகுகிறது என்ற கேள்விக்கு என்டிபிடேட்டிடம் பதிலே கிடையாது. போன தடவை என்ன நடந்தது என்பது அதற்கு நினைவில்லை.

0.81-ஐ 3600-ஆல் வகுத்தால் சுமார் 225 பிபிஎம். சாதாரண மதர்போர்டு கிரிஸ்டல் பெரும்பாலும் சில பத்து பிபிஎம்முக்குள்தான் இருக்கும் (20 பிபிஎம் என்றால் நாளைக்கு 1.7 வினாடி). விர்ச்சுவல் மெஷினில் 225 நடக்கக்கூடியதுதான், ஆனாலும் கிளாக்சோர்ஸ் (கர்னல் எதை வைத்து நேரத்தை எண்ணுகிறது என்பது) என்னவென்று பார்த்துவிடுங்கள்: சிஸ் டைரக்டரிக்குள் டிவைசஸ், சிஸ்டம், கிளாக்சோர்ஸ், கிளாக்சோர்ஸ்0, அதில் கரண்ட்_கிளாக்சோர்ஸ் என்ற ஃபைல். கேவிஎம்மில் "கேவிஎம்-கிளாக்" அல்லது "டிஎஸ்சி" இருக்க வேண்டும். "ஏசிபிஐ_பிஎம்" என்றோ "ஹெச்பெட்" என்றோ இருந்தால் ஹோஸ்ட் பக்கம் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று. "சாக்கெட் இஸ் இன் யூஸ்" என்றால் என்டிபியின் போர்ட்டான யுடிபி 123-ஐ ஏற்கெனவே யாரோ பிடித்திருக்கிறார்கள். அநேகமாக என்டிபிடி, பின்னணியில் ஓடிக்கொண்டே நேரத்தைச் சரிசெய்யும் புரோகிராம். மைனஸ் யூ போட்டு நீங்கள் அந்த எச்சரிக்கையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் திருப்புகிறார்கள். எஸ்எஸ் மைனஸ் யூஎல்பிஎன் அடித்து 123 யாரிடம் என்று பாருங்கள். என்டிபிடிதான் என்றால் என்டிபிக்யூ மைனஸ் பிஎன் அடித்து அதையும் இங்கே போடுங்கள். என்டிபிடி உயிரோடு இருந்தும் மணிக்கு 0.81 விலகுகிறது என்றால் அதற்கு வெளியிலிருந்து நேரமே வரவில்லை என்று நினைக்கிறேன்.

உப்புக்காத்து

சரியாகச் சொன்னீர்கள், 123 என்டிபிடியிடம்தான். என்டிபிக்யூ வெளியீட்டில் நான்கு சர்வருக்கும் ரெஃப்ஐடி ".இனிட்.", ஸ்ட்ராட்டம் 16, ரீச் 0, அதாவது எதிலிருந்தும் பதில் வரவில்லை. ஆனால் அதே சர்வர்களை என்டிபிடேட் மைனஸ் யூ தொட்டால் உடனே பதில் வருகிறது. ஃபயர்வாலில் 123 திறந்திருக்கிறது என்று நெட்வொர்க் ஆட்கள் சத்தியம் செய்கிறார்கள். கிளாக்சோர்ஸ் டிஎஸ்சி.

வெட்டிவேர்

அவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். வெளியே போகிற 123 திறந்திருக்கும், திரும்பி வருகிற 123 மூடியிருக்கும்.

என்டிபிடி கேள்வி கேட்கும்போது இந்தப் பக்கமும் 123, அந்தப் பக்கமும் 123. மைனஸ் யூ போட்ட என்டிபிடேட் 1024-க்கு மேல் ஏதோ ஒரு போர்ட்டிலிருந்து கேட்கும், பதில் அந்தப் போர்ட்டுக்கே வரும். நடுவில் யாரோ "உள்ளே 123-ஐ நோக்கி வரும் யுடிபி எல்லாவற்றையும் தள்ளு" என்று விதி எழுதியிருந்தால் முதலாவது செத்துவிடும், இரண்டாவது பிழைக்கும். உங்கள் அறிகுறி அச்சில் வார்த்தது போல இதுதான். 2013-14-இல் என்டிபிடியின் "மோன்லிஸ்ட்" வசதியை வைத்துப் பெருக்குத் தாக்குதல்கள் நடந்தன. சின்னக் கேள்விக்கு அந்த வசதி பல மடங்கு பெரிய பதிலைக் கொட்டும், கேட்டவர் முகவரியைப் போலியாகப் போட்டு அதை வேறொருவர் மேல் திருப்பிவிட்டார்கள். அதன்பின் பல நெட்வொர்க்குகளில் இப்படி ஒரு விதி ஏறி, யாருக்கும் நினைவில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

வாய்ச்சண்டை வேண்டாம், காட்டிவிடலாம்:

சூடோ டிசிபிடம்ப் மைனஸ் என் யுடிபி போர்ட் 123

போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் இதை ஒரு டெர்மினலில் ஓடவிடுங்கள். என்டிபிடியின் கேள்வி "கிளையன்ட், லெங்க்த் 48" என்று வெளியே போவது தெரியும். என்டிபி பாக்கெட்டின் அடிப்படை அளவு 48 பைட். "சர்வர், லெங்க்த் 48" என்ற மறுவரி வராது. இன்னொரு டெர்மினலில் என்டிபிடேட் மைனஸ் க்யூயூ அடியுங்கள் (க்யூ போட்டால் அளக்கும், மாற்றாது). இப்போது இரண்டு வரியும் வரும். இந்த வெளியீட்டை நெட்வொர்க் ஆட்களிடம் கொடுங்கள். சத்தியத்துக்கு வேலையில்லை.

நாழிகைவட்டில்

வெட்டிவேர் சொன்னதுதான் காரணம். விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். என்டிபிடிக்குப் பதிலாக க்ரோனி என்ற புரோகிராமைப் போடலாம். அது வழக்கமாகவே கேள்விக்குக் கேள்வி வேறொரு போர்ட்டிலிருந்து கேட்கும், அதனால் அந்த விதியில் சிக்காது.

முதலில் கிரானில் இருக்கும் வரியை எடுங்கள். ரூட்டின் கிரான்டேப் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், கிரான்.ஹவர்லி, கிரான்.டெய்லி டைரக்டரிகளையும் திறந்து பாருங்கள். பிறகு:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் க்ரோனி

இது என்டிபி பேக்கேஜை எடுத்துவிடும், டைம்சிங்க்டி இருந்தால் அதையும் எடுக்கும். நேரம் பார்க்க ஒரு ஆள்தான் இருக்கலாம் என்று பேக்கேஜ்களே ஒன்றை ஒன்று மறுக்கும்படி வைத்திருக்கிறார்கள். கான்ஃபிக் ஃபைல் ஈடிசிக்குள் க்ரோனி டைரக்டரியில் க்ரோனி.கான்ஃப் (ரெட்ஹேட் குடும்பத்தில் நேராக ஈடிசியில்). உள்ளே மூன்று வரி முக்கியம்:

பூல் இன்.பூல்.என்டிபி.ஆர்க் ஐபர்ஸ்ட்
மேக்ஸ்டெப் 1 3
ஆர்டிசிசிங்க்

ஐபர்ஸ்ட் என்றால் தொடங்கியதும் ஒரு மூச்சில் 4 முதல் 8 கேள்வி கேட்டு முதல் அளவைச் சீக்கிரம் எடுக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் 64 வினாடி காத்திருக்க வேண்டும். மேக்ஸ்டெப் 1 3 என்றால் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், விலகல் 1 வினாடிக்கு மேல் இருந்தால் மட்டும் குதிக்க அனுமதி. அதன்பின் என்ன ஆனாலும் இழுத்துத்தான் சரிசெய்யும். போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் அந்த 3-ஐ -1 ஆக்கவே கூடாது. இணையத்தில் பல இடத்தில் -1 என்று எழுதியிருப்பார்கள். அது எந்த நேரத்திலும் குதிக்கலாம் என்று கொடுக்கும் அனுமதி, நீங்கள் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ அதே நோய். ஆர்டிசிசிங்க் போட்டால் கர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்டுவேர் கடிகாரத்துக்கும் நேரத்தை எழுதும்.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு "க்ரோனிசி சோர்சஸ்" அடியுங்கள். வரியின் முதலில் தொப்பிக்குறி, அடுத்து ஒரு குறி. நட்சத்திரம் இருந்தால் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறது. பிளஸ் இருந்தால் கணக்கில் சேர்த்திருக்கிறது. கேள்விக்குறி என்றால் பதில் இல்லை அல்லது இன்னும் போதவில்லை. சின்ன எக்ஸ் இருந்தால் மற்றவற்றோடு ஒத்துப்போகாத பொய்க் கடிகாரம். ரீச் என்ற நெடுவரிசையைத்தான் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அது சதவீதம் இல்லை, கடைசி எட்டுக் கேள்விகளின் விடை எட்டடிமான எண்ணில். எல்லாவற்றுக்கும் பதில் வந்திருந்தால் 377. புதிதாகத் தொடங்கினால் 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறும். 377-இல் இருந்தது 376 ஆனால் கடைசிக் கேள்வி ஒன்றுக்குப் பதில் வரவில்லை, பதற வேண்டாம். 0-விலேயே நின்றால்தான் வழி அடைபட்டிருக்கிறது.

கொடிமுந்திரி

இடையில் ஒரு விஷயம். இந்தியாவில் நிறுவன சர்வர் என்றால் பூல் (பொது நேர சர்வர்களின் கூட்டம்) மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 28 ஏப்ரல் 2022 அன்று வெளியிட்ட உத்தரவில், என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நடத்தும் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றின் நேரத்தோடு தொடர்பு காட்டக்கூடிய சர்வர்களோடு கடிகாரத்தை இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ஐசியுடையது சமய்1.என்ஐசி.இன், சமய்2.என்ஐசி.இன். என்பிஎல்லுடையது டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க். இவற்றைத் தனித்தனி "சர்வர்" வரியாகச் சேருங்கள், மொத்தம் குறைந்தது நான்கு இருக்கட்டும். இரண்டே இரண்டு வைத்தால் அவை முரண்படும்போது எது பொய் என்று க்ரோனிக்குத் தெரியாது. கூகுளின் டைம்.கூகுள்.காமை மட்டும் இவற்றோடு கலக்காதீர்கள். லீப் வினாடி (பூமியின் சுழற்சிக்கு ஈடாக அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் வினாடி) வந்தால் அவர்கள் அதை 24 மணி நேரத்தில் பரப்பிக் கரைப்பார்கள், மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த ஒருநாள் இரண்டு கூட்டமும் அரை வினாடி வரை பிரிந்து நிற்கும்.

உப்புக்காத்து

டிசிபிடம்ப்பில் வெட்டிவேர் சொன்னது அப்படியே தெரிந்தது, டிக்கெட் போட்டாயிற்று. க்ரோனியும் ஏற்றிவிட்டேன். ஐந்து சோர்ஸ், ஒன்றில் நட்சத்திரம், மூன்றில் பிளஸ், ரீச் எல்லாம் 377. "க்ரோனிசி ட்ராக்கிங்"கில் ஃப்ரீக்வென்சி 224 பிபிஎம் ஃபாஸ்ட் என்கிறது. இது குறைய வேண்டுமா?

நாழிகைவட்டில்

குறையாது, குறைய வேண்டியதும் இல்லை. அது உங்கள் கடிகாரத்தின் இயல்பு. திருத்தாமல் விட்டால் எவ்வளவு வேகமாக ஓடும் என்ற அளவு. க்ரோனி அதைக் கற்றுக்கொண்டு கர்னலில் ஈடுகட்டிவிட்டது, ட்ரிஃப்ட் ஃபைலிலும் எழுதி வைத்திருக்கும், ரீபூட் ஆனாலும் மறக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது "சிஸ்டம் டைம்" வரி. ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் இருந்தால் போதும்.

ரீபூட்டில்தான் ஒரு ஓட்டை இருக்கிறது. மேக்ஸ்டெப் அனுமதித்த அந்த முதல் குதிப்பு போஸ்ட்கிரெஸ் எழுந்த பிறகு நடக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் க்ரோனிக்குப் பிறகு எழும்படி ஆஃப்டர் வரி போட்டு, எக்செக்ஸ்டார்ட்ப்ரீயில் (சர்வீஸ் தொடங்கும் முன் ஓடும் கமாண்டு வரி) "க்ரோனிசி வெய்ட்சிங்க் 30 0.1" சேருங்கள். மிச்சத் திருத்தம் 0.1 வினாடிக்குள் வரும்வரை 10 வினாடிக்கு ஒருமுறை, 30 தடவை பார்க்கும். நெட்வொர்க் இல்லாவிட்டால் 5 நிமிடத்தில் தோற்றுவிடும், டேட்டாபேஸும் எழாது. அது வேண்டாம் என்றால் முன்னால் ஒரு மைனஸ் குறி போடுங்கள், தோற்றாலும் மேலே போகும். சிஸ்டம்டியின் ஸ்டார்ட் டைம்அவுட் 5 நிமிடத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெட்டிவேர்

டேட்டாபேஸ் ஓடும்போது யாராவது "க்ரோனிசி மேக்ஸ்டெப்" என்று கையால் அடித்தால் கான்ஃபிக்கில் எழுதியதெல்லாம் செல்லாது, உடனே குதிக்கும். சூடோ இல்லாமல் அடித்தால் "501 நாட் ஆத்தரைஸ்டு" வரும். அதோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.