எவர்சில்வர் பாட்டிலோடு நான்கு நாடுகள்

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளையும் இருபது நாட்களில் ரயிலிலேயே சுற்றி வந்தோம். ஈஃபில் கோபுரத்தையும் ஆல்ப்ஸ் மலையையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆகவே, ஸ்ரீரங்கத்திலிருந்து எங்களுடன் வந்த ஓர் எவர்சில்வர் பாட்டிலை எந்தெந்த ஊரில் எப்படி நிரப்பினோம் என்பதை மட்டும் சொல்கிறேன். சிறிய விஷயம்தான்; ஆனால் அந்த ஊர்களைப் பற்றி எங்கள் மனத்தில் நின்றவை பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கின்றன.

பாரிஸில் முதல் நாள், வழக்கப்படி காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கத்தான் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தபோது, கடைக்காரர் எங்கள் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா காசைக் குடுத்துத் தண்ணி வாங்கிறியள்? இங்க பைப் தண்ணியே நல்ல தண்ணிதான்" என்றார். தன் கடைச் சரக்கை வேண்டாமென்று சொல்லும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஹோட்டல் அறைக் கெட்டிலில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்டு என் மனைவி சற்றுத் தயங்கினார்; அது சுண்ணாம்புப் படிவு, குடிப்பதற்குக் கெடுதல் இல்லை என்று தெரிந்த பிறகும், "கொள்ளிடத்துத் தண்ணி மாதிரி வராது" என்ற தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் தெருவோரத்து வாலஸ் குடிநீர் ஊற்றுகள் கண்ணில் பட்டன. கரும்பச்சை நிற வார்ப்பிரும்பில் நான்கு பெண்கள் ஒரு சிறிய விதானத்தைத் தாங்கி நிற்க, நடுவில் நூல்போலத் தண்ணீர் விழுகிறது. இரண்டு சிலைகளுக்கு இடையே கையை நுழைத்துப் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். 1870–71-இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது நீர்க்கால்வாய்கள் பழுதாகித் தண்ணீர் விலை ஏறியதைக் கண்ட ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலச் செல்வந்தர், 1872-இல் தம் செலவில் இவற்றை நிறுவத் தொடங்கினாராம். சங்கிலியில் கட்டிய தகரக் குவளைகள் 1952 வரை இருந்தன என்று படித்தபோது, நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது. உணவகங்களிலும் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

அந்தப் பழக்கத்தில் ஜெர்மனியின் கோல்ன் நகரத்து உணவகம் ஒன்றில் வெறுமனே "தண்ணீர்" என்று கேட்டு மாட்டிக்கொண்டோம். வந்தது சோடா, அதற்கு பில்லில் பணமும் பிடித்தார்கள். 'ஸ்டில்' என்று சேர்த்துச் சொன்னால்தான் குமிழி இல்லாத தண்ணீர் வரும், அதுவும் இலவசமில்லை. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கோ 25 சென்ட் முன்பணம் உண்டு. காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறச் சீட்டு கிடைக்கும். பலர் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் அதன் அருகே நிறுத்திவைத்துவிட்டுப் போவதையும், சற்று நேரத்தில் நல்ல கோட்டு அணிந்த முதியவர் ஒருவர் வந்து அவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு போவதையும் ரயில் நிலைய வாசலில் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அன்று அதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கவலையே இல்லை. தெருவுக்குத் தெரு ஊற்று, எச்சரிக்கைப் பலகை இல்லாத எதிலும் குடிக்கலாம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஊற்றின் உச்சியில், பை நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒன்றை வாயில் திணித்துக்கொண்டிருக்கும் பூதம் உட்கார்ந்திருக்கிறது. "பூச்சாண்டிக்குச் சிலை வச்சுத் தண்ணியும் விட்டிருக்காங்க" என்றபடியே என் மனைவி அதன் காலடியில் பாட்டிலை நிரப்பினார்.

ரோமில் சுமார் 2,500 இரும்பு ஊற்றுகள் உள்ளன; வளைந்த குழாயை வைத்து 'நசோனே', அதாவது பெரிய மூக்கு என்கிறார்கள். மூக்கு நுனியை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வில்லாக எழுந்து நேரே வாய்க்கு வருகிறது. முதல் முறை எனக்குச் சட்டைதான் நனைந்தது. திருகுவதற்குக் குழாய் கிடையாது, இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை, 2017 வறட்சியில் பலவற்றை மூட வேண்டியிருந்தது என்று சொன்னதும், "பின்னே?" என்று கேட்டார்.

கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா நகருக்குக் கொண்டுவந்த நீர்க்கால்வாயின் பெயரும் வழியும் இன்றும் ரோமின் புகழ்பெற்ற திரெவி நீரூற்றோடு தொடர்புடையவை. அதன் பக்கவாட்டில் 'காதலர் ஊற்று' என்ற சிறிய ஊற்று உண்டு. அதில் சேர்ந்து குடிக்கும் இணை என்றும் பிரியாது என்பது ஊர் வழக்கு. அதை விளக்கியபோது, "முப்பத்திநாலு வருஷமாச்சு, இனிமே எங்கங்க போகப் போறீங்க?" என்று சிரித்தவர், பாட்டிலில் மிச்சமிருந்ததை என்னைக் குடித்து முடிக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதைக் கழுத்துவரை நிரப்பிவந்தார்.