பால், தேன் இல்லாத பக்லாவா: அடி ஊறிப்போகிறது

மெல்லிய மாத்தாள்களை அடுக்கிச் சுட்டு, இனிப்புப் பாகு ஊற்றும் பக்லாவா: மூன்று முறை செய்தும் ஒரே கதை. மேலே பொன்னிறம், அடி அடுக்குகள் மட்டும் நனைந்த கடதாசி மாதிரி. மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, தேனும் தொடமாட்டாள்; பிறந்தநாள் அடுத்த கிழமை.

இருப்பது இலங்கை மலையகத்தில், நுவரெலியா. மின்சார அவன், 180 பாகை, 40 நிமிடம். கொழும்பில் வாங்கிய உறைந்த ஃபிலோ மாத்தாளை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து இளக்கினேன். உள்ளே கஜு, கறுவா. நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். இந்தக் குளிரில் அது போத்தலிலேயே கல்லாகிவிடும், தாளில் பூசி முடிப்பதற்குள் திட்டுத்திட்டாக உறைகிறது! கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்துப் பூசினேன், அது சரியாயிற்று. அடி மாறவில்லை.

இரண்டாம் முறை 160 பாகையில் ஒரு மணி நேரம். மூன்றாம் முறை தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, ஆறிய சீனிப்பாகைச் சூடான பக்லாவா மேல் ஊற்றினேன். அன்று தேவலை, மறுநாள் பழையபடி.

எனக்குச் சந்தேகம் பாகில்தான். கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு), சீனி, தண்ணீர், தேசிக்காய்ச் சாறு, 10 நிமிடக் கொதி. இந்த உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும், அதனால் செய்முறையிலுள்ள சூட்டு அளவை நம்பவில்லை.

மலையகத்தில் செய்து பார்த்தவர்களே, பாகை எந்தப் பதத்தில் இறக்குகிறீர்கள்?