சவேரியார் திருவுடல் அழியாமல் இருந்தது எப்படி?

கேள்வி:
புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய சாங்சுவான் தீவில் இறந்தார். சதை விரைவில் கரைந்தால் எலும்புகளை எடுத்துச் செல்லலாம் என்று பெட்டியில் சுண்ணாம்பை நிரப்பிப் புதைத்தார்கள். ஆனால் 1553 தொடக்கத்தில் தோண்டியபோது உடல் கெடாமல் இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. முத்துக்குளித்துறையில் எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் அளித்தவர் என்பதால் இதை அறிய விரும்புகிறேன். இது அற்புதமா, இயற்கையா?

பதில் 1:
சுண்ணாம்பு உடலைக் கரைக்கும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அது ஈரத்தை உறிஞ்சி, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களை அடக்குவதால், சிதைவு தாமதப்படவே வாய்ப்பு அதிகம். காற்றுப் புகாத ஈரமண்ணில் உடற்கொழுப்பு மெழுகு போன்ற பொருளாக மாறி உருவத்தைக் காப்பதும் உண்டு. எனினும் சவேரியார் உடல் மலாக்காவில் பெட்டியின்றி மண்ணில் புதைக்கப்பட்டு, மீண்டும் எடுக்கப்பட்டு, 1554இல் கோவாவை அடைந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சுண்ணாம்பு மட்டுமே முழு விளக்கம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பதில் 2:
கத்தோலிக்கத் திருச்சபை இன்று உடல் அழியாமையைப் புனிதர் பட்டத்துக்கு உரிய அற்புதமாகக் கணக்கிடுவதில்லை; நம்மவர்கள் பலர் இதை அறியாமலேயே வாதிடுகிறார்கள். புனிதம் வாழ்ந்த வாழ்க்கையில்தான் தேடப்படுகிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. இப்போதும் உடல் அப்படியேதான் இருக்கிறதா?

பதில் 1:
இல்லை. பழைய கோவாவின் பொம் ஜீசஸ் பேராலயத்தில் இருப்பது பெரிதும் உலர்ந்து சுருங்கிய உடல். வலக்கையின் ஒரு பகுதி 1614இல் வெட்டியெடுக்கப்பட்டு ரோமுக்கு அனுப்பப்பட்டது.