பிரேம் பூல் ஏணியத் தொட்டா சுருக்குன்னு அடிக்கி, சுவிட்ச ஆப் பண்ணியும் நிக்க மாட்டேங்கு. என்ன செய்ய?

புறவாசல்குளம்:
வணக்கம் மக்களே. பாளை பெருமாள்புரத்துல வீடு. அக்னி நட்சத்திர வெயிலுக்கு பிள்ளேள வீட்டுக்குள்ள அடைக்க முடியலன்னு, போன வருசம் ஆன்லைன்ல வாங்குன 10 அடி பிரேம் பூல புறவாசல்ல மறுபடி கட்டுனேன். சுத்தி இரும்புக் குழாய் சட்டம், உள்ள தார்ப்பாய் மாதிரி ஷீட்டு, அவ்வளவுதான். கூட வந்த பில்டர் பம்பு போயிருச்சு, அதனால வீட்ல சும்மா கெடந்த அரை எச்பி மோனோபிளாக் மோட்டார மாட்டி தண்ணிய சுத்த விடுதேன். நேத்து சின்னவன் ஒரு கால தரையில வச்சுக்கிட்டு ஏணியப் புடிச்சவன் "அப்பா எறும்பு கடிக்கி"ன்னான். நானும் தொட்டேன், ஒண்ணும் தெரியல. செருப்பக் கழட்டிட்டு தொட்டா சுருக்குன்னு அடிக்கி. தண்ணிக்குள்ள நின்னா ஒண்ணுமில்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மோட்டார் சுவிட்ச ஆப் பண்ணியும் இருக்கு, அதுதான் மண்டை காயுது. தெரிஞ்ச எலக்ட்ரீசியன் தம்பி, பூல் பக்கத்துல ஒரு ராடு அடிச்சு சட்டத்துல ஒயர முறுக்கிட்டா போதும்ங்காரு. செய்யலாமா?

பேட்டை ஒயர்மேன்:
அண்ணாச்சி, மொதல்ல பிள்ளேள யாரும் கிட்ட போகக்கூடாது. மெயின ஆப் பண்ணிட்டு மோட்டார் பிளக்கையே உருவிப் போடுங்க, ஈரக்கையோட உருவாதீங்க. அப்படியே ஆருக்காவது தண்ணிக்குள்ள ஷாக் அடிச்சாலும் பதறிப்போய் குதிச்சிராதீங்க, மெயின் எறங்கின பெறவுதான் கைய வைக்கணும். இப்ப சொல்லுங்க, வீட்ல ஆர்சிசிபி (கரண்டு லீக் ஆனா தானா வெட்டுற சுவிட்சு) இருக்கா? மோட்டாருக்கு மூணு பின் பிளக்கா? எர்த் குழி (லீக் ஆகுற கரண்ட மண்ணுக்குள்ள எறக்குற குழி) எங்கன இருக்கு?

மாடிவீட்டுக்காரன்:
கேட்டதுக்கு சம்பந்தமில்லாம ஒண்ணு, இத ஆரும் மொட்டமாடில வச்சிராதீங்க. 10 அடி பூல்ல ரெண்டடி தண்ணி நின்னாலே 4 டன்னுக்கு மேல.

புறவாசல்குளம்:
இல்ல தரையிலதான். ஆர்சிசிபி இல்ல, எம்சிபி (லோடு கூடுனா, ஷார்ட் ஆனா வெட்டுற சுவிட்சு) மட்டும்தான், ஒண்ணும் ட்ரிப் ஆகல. மூணு பின் பிளக்குதான், ஒயர் புதுசு. மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்து, பக்கத்து வீட்டு இஞ்சினியர் தம்பிய கூட வச்சுக்கிட்டு பாத்தோம். ஈர மண்ணுல ஒரு ஸ்க்ரூடிரைவரக் குத்தி அதுக்கும் ஏணிக்கும் வச்சா 42 வோல்ட். சுவிட்ச ஆப் பண்ணாலும் அதே 42. பிளக்க உருவுனா சுத்தமா இல்ல. மோட்டார் ஸ்டாண்டு ஏணிக் கால ஒட்டித்தான் நிக்கி.

பேட்டை ஒயர்மேன்:
அப்ப மோட்டார் மேல குத்தமில்ல. சுவிட்சு கரண்டு வார பேஸ் ஒயரத்தான் வெட்டும், எர்த் பின்ன வெட்டாது. ஆப் பண்ணியும் இருந்து, உருவுனா போகுதுன்னா கரண்டு வாரது எர்த் ஒயர் வழியா. வீட்ல வேற ஏதோ ஒண்ணு பாடில லீக் ஆகுது, அது குழிக்குப் போய் மண்ணுல எறங்கணும், குழி செத்துப் போனதால எறங்க வழியில்லாம வீட்ல உள்ள அத்தன எர்த்திலயும் ஏறி உக்காந்திருக்கு. சித்திரை வெயிலுக்கு நம்மூர்ல குழி காய்ஞ்சுதான் கெடக்கும், ஆருமே தண்ணி ஊத்துறதில்ல. போர்டுல எம்சிபிய ஒண்ணொண்ணா எறக்கிப் பாருங்க, எதுல 42 காணாமப் போகுதோ அதுதான் ஆளு.

தோஹா பூல்காரன்:
நான் இங்க பூல் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், சொந்த ஊரு வீரவநல்லூர். அந்த ராடு யோசனைய விட்ருங்க. வீட்டு எர்த் செத்துக் கெடக்கையில பூல் பக்கத்துல நல்ல ராடு ஒண்ண அடிச்சா, அது மோட்டார் எர்த்தோட சேந்து வீட்டு லீக்கெல்லாம் அந்த ராடு வழியாத்தான் எறங்கும். பிள்ள நிக்க இடத்துலயே கொண்டுவந்து கொட்டுன மாதிரி. எர்த்திங் வேற, பாண்டிங் வேற. பாண்டிங்னா சட்டம், ஏணி, மோட்டார் பாடின்னு கைக்கெட்டுற இரும்பெல்லாத்தையும் ஒரே செம்புக் கம்பில கட்டுறது, வோல்டேஜ் ஏறுனாலும் எல்லாம் சேந்து ஏறும், ரெண்டுக்கும் நடுவுல ஆள் மாட்டமாட்டான். உங்க பையன் தண்ணில நிக்கும்போது ஒண்ணும் தெரியாததும் அதனாலதான், தரைக்கும் ஏணிக்கும் நடுவுல மாட்டும்போதுதான் கடிச்சிருக்கு. அதனாலதான் அமெரிக்கா விதில நிரந்தரமா நிக்க பூலுக்கு சுவத்துலருந்து ஒண்ணரை, ரெண்டு அடி தள்ளி மண்ணுக்குள்ள சுத்திவர செம்புக் கம்பி ஓட்டச் சொல்லுதான். கழட்டி மடக்குற பூலுக்கு அவ்வளவு கேக்கல, டபுள் இன்சுலேசன் (ரெண்டு அடுக்கு காப்பு உள்ள) பம்பும் லீக் கண்டா வெட்டுற பிளக்கும்தான் முக்கியம். உங்க மோனோபிளாக் அந்த வேலைக்கான சாமானே இல்ல அண்ணே.

புறவாசல்குளம்:
அப்ப பூலுக்கு மட்டும் தனியா ஒரு ஆர்சிசிபி போட்டா?

பேட்டை ஒயர்மேன்:
இந்தக் கோளாறுக்கு கேக்காது. ரெண்டு போல் ஆர்சிசிபி பேஸையும் நியூட்ரலையும் வெட்டும், எர்த் நேரா போய்க்கிட்டே இருக்கும், இங்க வாரது எர்த்துல. மெயின்ல 30 மில்லி ஆம்ப்ஸ் போடுங்க, அப்ப வீட்ல எது லீக் ஆனாலும் தூக்கிரும். உங்க எம்சிபி 16 ஆம்ப்ஸ்னா அதுக்கு இந்த லீக்கெல்லாம் கொசுக்கடி. ஆனா குழிய சரி பண்ணாம ஆர்சிசிபிய மட்டும் நம்பாதீங்க. பெறவு, பூல் ஓரத்துலருந்து 2 மீட்டருக்குள்ள பிளக் பாயிண்டோ எக்ஸ்டென்சன் பாக்ஸோ இருக்கக்கூடாது.

புறவாசல்குளம்:
கண்டுபிடிச்சாச்சு. கீசர் எம்சிபிய எறக்கினதும் 42 போய் பூஜ்யம். எலிமெண்ட் உள்ள ஒழுகியிருக்கு. குழி மல்லிச்செடி பக்கத்துல இருக்கு, மண்ணத் தள்ளிப் பாத்தா ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி) கிளாம்புக்குள்ள துருவாப் போயி, விரலால தொட்டதும் பொடியா உதிந்துது. புதுசா குழி எடுத்தாச்சு, மெயின்ல ஆர்சிசிபியும் ஏத்தி டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாத்தாச்சு. மோனோபிளாக் திரும்ப ஷெட்டுக்குள்ள போயிருச்சு, பூலுக்குன்னு வார பம்பு ஆர்டர் போட்டிருக்கேன், அது வந்து ஒயர்மேன் பாத்த பெறவுதான் பிள்ளேள எறக்குவேன். இந்த வெயில்ல எவன் கீசர் போடுதான்னு நீங்க கேப்பீங்க, எங்க ஆச்சி மூட்டுவலிக்கு வருசம் பூராவும் வெந்நீர்லதான் குளிப்பாவ. விசாரிச்சா, ரெண்டு மாசமா குழாயத் தொறக்கையில கை ஜிவ்வுன்னு இழுத்திருக்கு, "வாதம்னு நெனச்சேன்"ங்காவ.