சிறுபான்மை மாணவர்களை ஆய்வு செய்த, ஆய்வுக்கு உள்ளான அனுபவங்கள்

உயர்கல்வியில் சிறுபான்மை மாணவர்களின் நிலையை ஆராய்வது என் தொழில். தொடக்க காலத்தில் என் வினாத்தாள் முழுக்க வீட்டு வருமானம், பெற்றோரின் படிப்பு, பள்ளி மதிப்பெண் என்றே இருக்கும். ஒரு மாணவி பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "எனக்கு என்ன குறை என்று இத்தனை கேள்விகள். இந்தத் துறைக்கு என்ன குறை என்று ஒன்றுகூட இல்லையே?" அது வேறோர் ஆய்வில் வரும் என்று சமாளித்தேன். வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியில் 1970களில் கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் செய்த ஆய்வை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். கால்குலஸ் என்ற நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டபோது ஊக்கமின்மை, அடித்தளக் குறை, குடும்பம், வறுமை என்றார்கள். அவர் அதை நம்பி உட்காரவில்லை. 20 கறுப்பின மாணவர்களும் 20 சீன வம்சாவளி மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சீன மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் தனியாகப் போராடினார்கள். அவர் தொடங்கியது கூட்டுப் பயிற்சி. அதில் கொடுத்தவை எளிய கணக்குகள் அல்ல, கடினமானவை. மதிப்பெண் ஏறியது.

*

மேலே எழுதியவருக்கு வணக்கம். நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவன். எங்கள் துறையில் என் சமூகத்தவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லாக் குழுவிலும் நான், கல்லூரிக் கையேட்டின் அட்டையிலும் நான். (சிரிக்கச் சொல்லி ஆறு முறை படம் எடுத்தார்கள்.) ஆய்வுக்கு வந்தவர் என் பெயரை மறைப்பதாக வாக்களித்தார், மறைக்கவும் செய்தார். அறிக்கையில் "இயற்பியல் மூன்றாம் ஆண்டு சிறுபான்மை மாணவர்" என்று இருந்தது. நான் யாரைப் பற்றிக் குறை சொன்னேனோ அந்தப் பேராசிரியரே மறுநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

*

முதலில் எழுதியவன்தான் மீண்டும். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். இப்போது ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் தனியாகக் காட்டுவதில்லை, வேறு பிரிவோடு சேர்த்துவிடுகிறேன். ஆனால் உங்களைப் போல ஒற்றை ஆளாக இருப்பவர்தான் அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போகிறார். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் அந்தத் தனிமையை எப்படி எழுதுவது? இங்கே யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.