கும்பகோணம் வீட்டு மெயின் போர்டு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மா தனியாக இருக்கும் கும்பகோணம் வீடு 1979-இல் தாத்தா கட்டியது. இன்னமும் மரப்பலகையில்தான் மெயின் போர்டு, பீங்கான் ஃபியூஸ். போன வாரம் ஏசி ஓடும்போது தீய்ந்த வாடை. மெயினை அணைத்துவிட்டு ஒரு ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். பீங்கான் பழுப்பேறி, பின்னால் பலகை கருகியிருக்கிறது. அடிக்கடி போகிறதே என்று யாரோ மூன்று நான்கு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் ஃபியூஸ் போகாது, வயர்தான் சூடேறி எரியும். நியூட்ரலிலும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) ஃபியூஸ் இருக்கிறது. அது மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், லைனில் கரண்ட் அப்படியே நிற்கும். அம்மா ஸ்டூல் போட்டுத் தானே பல்பு மாற்றுகிறவர், நினைத்தாலே பதறுகிறது.

ஏசியை நிறுத்திவிட்டோம். வந்த எலக்ட்ரீஷியன் எம்சிபி (ஃபியூஸுக்குப் பதிலாக வரும், தானே அணையும் சுவிட்ச்) மாட்டினால் போதும் என்கிறார். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தானே? ஷாக்கிலிருந்து காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (அந்த அளவு கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டாமா? பழைய வயரிங்கில் வெவ்வேறு சர்க்யூட்டின் நியூட்ரல்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் அது சும்மா சும்மா ட்ரிப் ஆகும் என்கிறார்கள். அதை எப்படிச் சரிசெய்தீர்கள்? பாதி அறைகளுக்கு எர்த் கம்பியே இல்லை. ரீவயரிங் செய்தவர்கள் யாராவது, ஆள் குடியிருக்கும்போதே அறை அறையாகச் செய்ய முடிந்ததா, எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லுங்கள். அந்தப் பக்கம் லைசென்ஸ் உள்ள, இன்சுலேஷன் டெஸ்ட் (வயரின் உறை வழியே கரண்ட் கசிகிறதா என்ற சோதனை) எடுத்துக் காட்டும் ஆள் தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.